வடிகாலில் அளக்க வேண்டிய வெள்ளம்

2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து விநாடிக்கு இரண்டு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் இறங்கியது. கிருஷ்ணராஜசாகரும் கபினியும் நிரம்பி வழிந்த ஆண்டு. முக்கொம்பில் பிரிந்த அந்த நீரின் பெரும்பகுதி கொள்ளிடம் வழியாக இரவு பகலாகக் கடலுக்குப் போனது. ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு கொள்ளிடம் அணையின் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போயின. திருச்சியில் 1928இல் கட்டிய பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்களும் அந்த மாதம்தான் சரிந்தன. கொள்ளிடக்கரைக் கிராமங்கள் நிவாரண முகாமில் இருந்தன. அதே நாட்களில் நாகை மாவட்டத்துக் கடைமடை விவசாயிகள் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்று சாலையில் உட்கார்ந்திருந்தார்கள்.

வெள்ளமும் வறட்சியும் ஒரே டெல்டாவில் ஒரே வாரத்தில் நிற்கிறபோது, தஞ்சைத் தரணியின் வெள்ள அபாயத்தை எதை வைத்து மதிப்பிடுவது என்ற கேள்வி பெரிதாகிறது. இதுவரை நாம் பெரும்பாலும் வரும் தண்ணீரை வைத்துத்தான் அளந்திருக்கிறோம். அணையின் நீர்மட்டம், ஆற்றில் ஓடும் கன அடி, பெய்த மழையின் செ.மீ. இவையெல்லாம் தேவையான கணக்குகள்தான். ஆனால் டெல்டாவில் வீட்டையும் வயலையும் அழிப்பது பெரும்பாலும் போகாமல் நிற்கும் தண்ணீர். எத்தனை நாள் நின்றது, எங்கே நின்றது, யாருடைய வாசலில் நின்றது என்பதை எழுதிவைக்கிற பதிவேடு நம்மிடம் இல்லை. வெள்ள மதிப்பீட்டின் முதல் குறை இது என்பதே என் கருத்து.

டெல்டாவுக்கு வெள்ளம் இரண்டு வழியில் வருகிறது. ஆடி ஆவணியில் மேற்கிலிருந்து ஆற்றோடு வருவது ஒன்று. குடகிலும் வயநாட்டிலும் பெய்த தென்மேற்குப் பருவமழை அணைகளை நிரப்பிவிட்டுக் கீழே இறங்குகிறது. மேட்டூரில் திறந்த நீர் கல்லணையை எட்ட மூன்று நாள் பிடிக்கும். வெள்ள காலத்தில் அதைவிட விரைவாக வரும். எப்படியும் தண்டோரா போடவும் ஒலிபெருக்கியில் சொல்லவும் அவகாசம் இருக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் கிழக்கிலிருந்து வானத்தோடு வருவது இன்னொன்று. வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் கரைப்பக்கம் வந்து நின்றுவிட்டால் போதும். சில மணி நேரத்தில் ஊர் குளமாகிவிடும். காரணம், அவகாசம், பாதிக்கப்படும் மக்கள் என எல்லாவற்றிலும் இரண்டும் வேறு வேறு. இரண்டையும் ஒரே வரைபடத்தில் ஒரே நிறத்தில் தீட்டுவதால்தான் பல மதிப்பீடுகள் வழுக்குகின்றன.

முதல் வெள்ளத்தை நம் முன்னோர் பெருமளவு கட்டிப்போட்டுவிட்டார்கள். கல்லணையிலிருந்தே தொடங்குகிறது அந்த வேலை: பாசனத்துக்கு வேண்டியது காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும், மிஞ்சியது கொள்ளிடத்துக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரி மணல் மேடிட்டு, தாழ்ந்து கிடந்த கொள்ளிடம் தண்ணீரையெல்லாம் இழுத்துக்கொண்டபோது, ஆர்தர் காட்டன் 1836 முதல் 1838 வரை முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம் காவிரிக்கரை முழுவதையும் உலுக்கியது. பத்தாண்டு கழித்து, 1934இல், 93.47 டிஎம்சி கொள்ளளவோடு மேட்டூர் அணை வந்தது. அதன் பிறகு காவிரி, அரசலாறு, குடமுருட்டிக் கரை ஊர்களில் ஆற்று வெள்ள பயம் வெகுவாகத் தணிந்தது.

ஆனால் அந்த பயம் எங்கேயும் மறைந்துபோகவில்லை. கொள்ளிடக்கரைக்கு இடம் மாறியது. தஞ்சையும் கும்பகோணமும் நனையாமல் இருப்பதற்காகவே கொள்ளிடம் நிரம்பி ஓடுகிறது. மயிலாடுதுறை மாவட்டத்தில் நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளைமணல், கோரைத்திட்டு போன்ற ஊர்கள் ஆற்றுக்கும் கரைக்கும் நடுவில், வண்டல் படிந்த திட்டுகளில் இருக்கின்றன. காய்கறியும் பூவும் நன்றாக விளையும் மண். 2018, 2022, 2024 என்று மேட்டூர் நிரம்பிக் கொள்ளிடத்தில் லட்சக்கணக்கில் கன அடி போகும்போதெல்லாம் இவர்கள் ஆடுமாட்டை ஓட்டிக்கொண்டு கரையேறுகிறார்கள். முகாமில் சாப்பாடு கிடைக்கிறது, சில நாளில் வீடு திரும்புகிறார்கள், பயிர் போயிருக்கிறது. அது ஆற்றுப் புறம்போக்கு என்றால் பயிர் இழப்புக்கு விண்ணப்பிக்கவே வழியில்லை. மாவட்டத்தின் நெல் நிலம் முழுவதும் தப்பியதற்கு விலை கொடுத்தவர்கள் இவர்கள். அந்த விலையை எந்தக் கணக்கிலும் ஏற்றாமல் மற்றவர்கள் பாதுகாப்பாக இருப்பதாக எழுதுவது நேர்மையான மதிப்பீடு ஆகாது.

அமெரிக்கப் புவியியலாளர் கில்பர்ட் ஒயிட் 1940களிலேயே இந்தப் பாதுகாப்பின் மறுபக்கத்தைக் காட்டினார். கரையை உயர்த்த உயர்த்த, ஆபத்து நீங்கிவிட்டது என்று மக்கள் கரையை ஒட்டியே குடியேறுகிறார்கள். அடுத்த பெருவெள்ளத்தில் இழப்பு முன்னைவிடப் பெரிதாகிறது. திருச்சியிலிருந்து அணைக்கரை வரை ஆற்றோரமாகப் போகிறவர் கண்ணுக்கு இது தானாகவே தெரியும்.

இரண்டாவது வெள்ளம்தான் டெல்டாவை அதிகம் அழித்திருக்கிறது, அதைப் பற்றித்தான் குறைவாக எழுதியிருக்கிறோம். 2008 நவம்பர் இறுதியில் நிஷா புயல் காரைக்கால் அருகே கரையைக் கடந்தபோது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 600 மி.மீ.க்கு மேல் கொட்டியது. 2020 டிசம்பர் 4 காலை வரையான 24 மணி நேரத்தில், புரெவி புயலின் மிச்சத்தால், கொள்ளிடத்தில் 36 செ.மீ., சிதம்பரத்தில் 34 செ.மீ. பெய்தது, நடராசர் கோயிலுக்குள் தண்ணீர் நின்றது. 2022 நவம்பர் 11இல் சீர்காழியில் 44 செ.மீ. இந்த மூன்றிலும் மேட்டூருக்கு வேலையே இல்லை. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்தில் அக்னியாறு, நசுவினியாறு போன்ற காட்டாறுகள் இருக்கின்றன. அவற்றுக்கு மேட்டூரும் கிடையாது, கல்லணையும் கிடையாது. மழை பெய்த மண்ணிலிருந்தே அவை பிறக்கின்றன.

டெல்டாவின் நில அமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் விஷயம் அங்கேதான் இருக்கிறது. பல நூற்றாண்டுகளாக வண்டல் கொட்டிக் கொட்டி ஆறுகள் இங்கே மேட்டில் ஓடுகின்றன. வயல்கள் இரண்டு ஆறுகளுக்கு நடுவில் பள்ளத்தில் கிடக்கின்றன. மதகைத் திறந்தால் தண்ணீர் தானாக வயலுக்குப் பாய்வது இதனால்தான், பாசனத்துக்கு இதைவிட வசதியான அமைப்பு இல்லை. ஆனால் வயலில் பெய்த மழை மறுபடி ஆற்றில் ஏற முடியாது. அது வடிவாய்க்காலைத் தேடித்தான் போக வேண்டும். மேல் டெல்டாவில் பாசன வாய்க்கால் தனி, வடிவாய்க்கால் தனி. திருவாரூர் தாண்டிக் கீழே போகப் போக ஓடம்போக்கி, பாண்டவையாறு, வெள்ளையாறு, அடப்பாறு, அரிச்சந்திரா நதி எல்லாம் இரண்டு வேலையையும் சேர்த்தே செய்கின்றன. மேலே இருக்கிற ஊர் எல்லாம் வடித்துவிட்ட தண்ணீர் கடைசியில் தலைஞாயிறு, திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டைப் பக்கம் வந்து கூடுகிறது. தண்ணீர் முறையில் கடைசியாகப் பெறுகிற ஊர்தான் வெள்ளத்தில் கடைசியாகக் காய்கிற ஊரும். கடைமடை விவசாயியின் ஆயுள்கால வழக்கு இது.

அந்தக் கடைசி மைல் எப்படி இருக்கிறது? ஆறுகளையும் ‘ஏ’, ‘பி’ வாய்க்கால்களையும் நீர்வளத்துறை ஆண்டுதோறும் தூர்வாருகிறது. வயலோரம் இருக்கிற ‘சி’, ‘டி’ வாய்க்கால்களுக்கு நூறு நாள் வேலை ஆட்கள் வந்தால் உண்டு. ஐப்பசியில் போய்ப் பார்த்தால் வடிவாய்க்காலின் இரண்டு கரையிலும் நெய்வேலிக் காட்டாமணக்கு வளைந்து நடுவில் கைகோத்து நிற்கும். அதற்கடியில் தண்ணீர் தெரியாதபடி ஆகாயத்தாமரை மூடியிருக்கும். மழை அடித்ததும் அந்தச் செடிக் கூட்டம் அப்படியே மிதந்து போய் அடுத்த பாலத்தின் கண்ணில் அடைத்துக்கொள்ளும். கழுத்தளவுத் தண்ணீரில் நாலு பேர் இறங்கி, அரிவாளால் வெட்டி, கயிறு கட்டி இழுத்து அதை அப்புறப்படுத்தினால்தான் மேலே இருநூறு ஏக்கர் வடியும். இதற்குக் கூலி கொடுக்கிறவர் யாரும் இல்லை. ஊர்க்காரர்களே செய்துகொள்கிறார்கள். ஊர் சேர்ந்து நீர்நிலையைக் காக்கும் குடிமராமத்து வழக்கத்தை 1858இலேயே ஆங்கிலேயர் சட்டமாக்கினார்கள், உடைப்பை அடைக்க வராதவருக்குத் தண்டம் போடும் அளவுக்கு. 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரை மீட்டது. பணம் வந்தது, பொக்லைன் வந்தது. ஊர் கூடி எந்த வாய்க்காலை முதலில் வெட்டுவது என்று பேசி முடிவெடுக்கும் பழக்கம் எல்லா இடத்திலும் திரும்பவில்லை.

வாய்க்கால் சுத்தமாக இருந்தாலும் கடல் வாங்க வேண்டும். புயல் நாளில் கடல் பொங்கியிருக்கும். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டிருக்கும். கடைமடை நீரொழுங்கிகளின் கதவுகளை மூடினால் உள்ளே மழைநீர் நிற்கும், திறந்தால் உப்புநீர் ஏறும். ஓதம் இறங்கும் சில மணி நேரம்தான் வடிகாலுக்குக் கிடைக்கிற நேரம். அந்த நேரத்தில் கதவைத் தூக்க லஸ்கர் அங்கே இருக்கிறாரா, சட்டர் துருப்பிடிக்காமல் ஏறுகிறதா என்பதில் ஒரு ஊரின் சம்பா தங்கியிருக்கிறது. இதற்கிடையில் 1990களில் கடலோரம் இறால் பண்ணைகள் வந்தன. பண்ணைக் கரைகள் வடிகால்களை மறித்தன. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் கடற்கரை ஒழுங்காற்று மண்டலத்துக்குள் அத்தகைய பண்ணைகளுக்குத் தடை விதித்தது. சுற்றுச்சூழல் வழக்காகவே அது நினைவில் இருக்கிறது. வடிகால் வழக்காகவும் அதைப் படிக்க வேண்டும்.

நிற்கும் நாட்களை ஏன் எண்ண வேண்டும் என்று பயிரே சொல்லும். நட்டு இருபது நாளான சம்பா மூழ்கி மூன்று நாளில் வடிந்தால், கொஞ்சம் யூரியாவும் பொட்டாஷும் போட்டுத் தேற்றிவிடலாம். ஒரு வாரம் கலங்கல் தண்ணீருக்குள் கிடந்தால் இலையில் சேறு படிந்து, வெளிச்சமும் காற்றும் இல்லாமல் தூர் அழுகிவிடும். ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ என்ற நெல்லிலிருந்து மூழ்கலைத் தாங்கும் மரபணுவை 2006இல் அடையாளம் கண்டார்கள். அதைச் சேர்த்து உருவாக்கிய சி.ஆர்.1009 சப்1 ரகம் பத்து, பன்னிரண்டு நாள் மூழ்கியும் மீண்டு தழைக்கிறது. டெல்டாவில் ஏற்கெனவே பழகிய சி.ஆர்.1009இன் தம்பி என்பதால் விவசாயிகள் நம்பி வாங்குகிறார்கள். நல்ல காரியம். ஆனால் அந்த மரபணு இளம்பயிரைத்தான் காப்பாற்றும். 2021 ஜனவரியில், பொங்கலை ஒட்டிப் பருவம் தவறிப் பெய்த மழையில் அறுவடைக்கு நின்ற கதிர் சாய்ந்தது. தண்ணீரில் கிடந்த மணி இரண்டு மூன்று நாளில் முளைவிட்டது. 2023 பிப்ரவரியிலும் அதே கதை. அந்தப் பருவத்தில் எந்த ரகமும் கைகொடுக்காது, வடிகால் மட்டுமே கைகொடுக்கும்.

அறுவடைக்கால வெள்ளத்தின் நட்டம் வயலோடு முடிவதுமில்லை. ஈர வயலில் டயர் வைத்த அறுவடை வண்டி இறங்காது. பெல்ட் வண்டிதான் இறங்கும், அதன் மணிக் கூலி அதிகம். சாய்ந்த பயிரை அறுக்க நேரமும் கூடும். அறுத்ததைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் ஒவ்வொரு முறையும் மாநில அரசு தளர்வு கேட்கிறது, மத்தியக் குழு வந்து மாதிரி எடுக்கிறது, உத்தரவு வருவதற்குள் நெல் சாலையில் காய்கிறது அல்லது குவியலிலேயே முளைக்கிறது. வெள்ளச் சேதப் பட்டியலில் இந்த நட்டத்துக்கு ஒரு வரி கூடக் கிடையாது.

இப்போது மதிப்பீட்டு முறைகளுக்கு வருவோம். உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட சூத்திரம் எளிது: ஆபத்து எவ்வளவு, அதன் வழியில் யார் எது இருக்கிறது, அவர்கள் எவ்வளவு தாங்குவார்கள் என்ற மூன்றையும் சேர்த்தால் இடர். மூன்றாவதை அளக்க வருமானம், வீடு, கல்வி, வயது போன்ற எண்களைக் கோத்துக் குறியீடு செய்கிறார்கள். அமெரிக்காவில் சூசன் கட்டர் 2003இல் வெளியிட்ட சமூகப் பாதிப்புக் குறியீடு அதற்கு முன்மாதிரி. தமிழ்நாட்டில் பேரிடர் மேலாண்மைத் துறை ஊர் ஊராகப் பாதிப்புக்குள்ளாகும் இடங்களைப் பட்டியலிட்டது. ஒருமுறை மாநிலம் முழுவதும் 4,399 இடங்கள் என்று கணக்கிட்டு, மிக அதிகம் முதல் குறைவு வரை நான்கு வகையாகப் பிரித்தது. ‘டிஎன்-ஸ்மார்ட்’ செயலி மூலம் எச்சரிக்கையும் போகிறது. புயலில் உயிரிழப்பு முன்னைவிடக் குறைந்ததில் இந்த வேலைக்குப் பங்கு உண்டு. 1977 நவம்பர் நாகப்பட்டினம் புயலில் ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்ததை நினைத்தால் அது சிறிய சாதனை இல்லை.

ஆனால் உயிரைக் காக்க உதவும் இந்தப் பட்டியல், பிழைப்பைக் காக்கப் போதுமானதாக இல்லை. மூன்று தடைகள் தெரிகின்றன. ரேடார் செயற்கைக்கோள் மேகத்தை ஊடுருவித் தண்ணீரைக் காட்டும். ஆனால் நெல் வயலில் தண்ணீர் எப்போதும் நிற்கிறது. நட்ட வயலில் இருக்க வேண்டிய இரண்டங்குலத்தையும் வெள்ளத்தின் இரண்டடியையும் படம் எளிதில் பிரித்துக் காட்டாது. அடுத்து, குறியீடு போடுகிறவர்கள் கையில் கடைசியாக இருக்கிற மக்கள்தொகைக் கணக்கு 2011ஆம் ஆண்டினுடையது. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்து, கூரைகளைப் பிய்த்து, ஆயிரக்கணக்கான குடும்பங்களை வேறு பிழைப்புக்குத் துரத்தியது அந்தக் கணக்கில் இல்லை. மூன்றாவது தடை மாவட்ட எல்லை. பழைய தஞ்சை 1991இல் நாகையாகவும், 1997இல் திருவாரூராகவும், 2020இல் மயிலாடுதுறையாகவும் பிரிந்தது. ஓர் ஆற்றின் தலைப்பு ஒரு மாவட்டத்தில், வடிகால் இன்னொரு மாவட்டத்தில். மாவட்டச் சராசரி எடுத்தால் தலைப்பின் நன்மையும் கடைமடையின் துன்பமும் ஒன்றையொன்று விழுங்கிவிடும்.

ஊருக்குள்ளும் சராசரி பொய் சொல்லும். டெல்டா கிராமத்தில் மேட்டில் கோயிலும் அதைச் சுற்றிய தெருக்களும் இருக்கும். வாய்க்காலைத் தாண்டிப் பள்ளத்தில் தலித் மக்களின் குடியிருப்பு இருக்கும். இந்த அமைப்பு தற்செயலாக வந்ததில்லை. நிலம் யாருடையது, உழைப்பு யாருடையது என்ற பழைய ஏற்பாட்டின் வரைபடம் அது. சீர்காழியில் பெய்த அதே 44 செ.மீ. மேட்டுத் தெருவில் அன்று மாலையே வடியும், காலனியில் நாலாம் நாளும் அடுப்படியில் நிற்கும். அந்த நாலு நாளும் வேலை கிடையாது. கழிப்பறை மூழ்கியிருந்தால் பெண்கள் இருட்டும்வரை காத்திருக்க வேண்டும்.

நிவாரணம் எப்படிப் போய்ச் சேர்கிறது என்று பார்த்தால் பாதிப்புநிலை என்பது எவ்வளவு தூரம் காகிதத்தில் இருக்கிறது என்று புரியும். 33 சதவீதத்துக்கு மேல் பயிர் சேதமானால்தான் இடுபொருள் நிவாரணம். 2021லும் 2023லும் தமிழக அரசு நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் அறிவித்தது. ஏக்கருக்கு எட்டாயிரம் என்று ஆகிறது. ஏக்கருக்கு முப்பதாயிரத்துக்குக் குறையாமல் செலவழித்ததாக விவசாயிகள் சொல்கிறார்கள். அந்த எட்டாயிரமும் சிட்டா அடங்கலில் பெயர் உள்ளவருக்கு. கோயில் நிலத்தையும் மட நிலத்தையும் சென்னையில் இருப்பவர் நிலத்தையும் வாய்ப்பேச்சுக் குத்தகையில் உழுகிறவர்கள் டெல்டாவில் ஏராளம். அவர்கள் பயிர் மூழ்கினாலும் பணம் வேறு பெயரில் வரலாம், வராமலும் போகலாம். நடவாள், களையாள் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது. இதற்கு ஒரு நல்ல விதிவிலக்கு, 2022இல் சீர்காழி, தரங்கம்பாடி வட்டங்களில் குடும்ப அட்டைக்கு 1,000 ரூபாய் கொடுத்தது. தொகை சிறிது. ஆனால் நிலம் உண்டா என்று கேட்காமல் வீடு நனைந்ததா என்று பார்த்த நிவாரணம் அது.

பயிர்க் காப்பீட்டிலும் இதே சிக்கல். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் கிராமத்தின் சராசரி விளைச்சலை வைத்து இழப்பீடு தருகிறது. பள்ளத்தில் இருக்கிற நாற்பது ஏக்கர் அழுகி, மேட்டில் இருக்கிற நூறு ஏக்கர் விளைந்தால் கிராமத்துக்கு இழப்பில்லை. தனி வயல் மூழ்கினால் தனியாக ஈடு தரும் பிரிவிலிருந்து நெல்லை 2018இல் எடுத்துவிட்டார்கள். 2026 காரிஃப் பருவத்திலிருந்து மறுபடி சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. அதைச் செயல்படுத்த, எந்த வயலில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று யாராவது எழுதியாக வேண்டும்.

கட்டுமானத்தில் நடந்த பெரிய முயற்சி வெண்ணாற்று உபவடிநிலத் திட்டம். ஆசிய வளர்ச்சி வங்கியின் 10 கோடி டாலர் கடன் 2016இல் ஒப்புதலாகி, அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு, வளவனாறு வடிகால், வேதாரண்யம் கால்வாய் ஆகியவற்றில் கரைகளும் நீரொழுங்கிகளும் சீரமைக்கப்பட்டன. கடைமடைக்கு இவ்வளவு கவனம் கிடைத்தது அபூர்வம். அதே சமயம் கரையை உயர்த்தினால் ஆறு வேகமாக வடியும், பக்கத்து வயல் ஆற்றுக்குள் வடிவது தடைப்படும். நெதர்லாந்து 1993, 1995 வெள்ளங்களுக்குப் பிறகு சில இடங்களில் கரையைப் பின்தள்ளி ஆற்றுக்கு இடம் விட்டது. அங்கே விலகிப்போன குடும்பத்துக்கு நிலப் பத்திரமும் நட்டஈடும் இருந்தன. நாதல்படுகைக்காரரிடம் அதைச் சொல்லும் முன் அவருக்குப் பட்டா கொடுக்க வேண்டும்.

வடிகாலில் தொடங்கும் மதிப்பீட்டுக்குப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. ஒவ்வொரு வடிவாய்க்காலுக்கும் ஓர் எல்லை வரைந்து, அதற்குள் விழும் வயல்களையும் தெருக்களையும் சேர்த்து ஒரு அலகாக எடுக்கலாம். பாலங்களின் தூணில் அளவுக்கோடு போட்டு, மழை நாட்களில் காலை மாலை நீர்மட்டத்தைப் பதியலாம். உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளே செய்யக்கூடிய வேலை. கிராம நிர்வாக அலுவலர் அடங்கல் எழுதும்போது பயிரின் பெயருக்குப் பக்கத்தில் நீர் நின்ற நாட்களுக்கு ஒரு கட்டம் சேர்க்கலாம். உழுகிறவர் பெயருக்கு ஒரு கட்டம் வேண்டுமென்றால் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. குத்தகைதாரரைப் பதிவு செய்யும் சட்டம் 1969லேயே தமிழ்நாட்டில் வந்துவிட்டது. அந்தப் பதிவேட்டை வட்டாட்சியர் அலுவலகங்கள் இந்தப் பருவத்துக்கு முன் புதுப்பித்தால், அடுத்த ஐப்பசியில் சேதக் கணக்கு எடுக்க வருகிறவர் வயலில் நிற்கிறவரின் பெயரையே எழுத முடியும்.